தண்ணீர் தெளித்துவிட்ட பிள்ளையும் தலைமுழுகிய பிள்ளையும் ஒன்றா?

கேட்டவர் மேலோட்டமாகக் கேட்டது ஒரு மரபுத்தொடரின் பொருளை. அவருடைய பாட்டி, வேலைவெட்டி இல்லாமல் சுற்றும் சித்தப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்பாராம். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட அத்தையைப் பற்றிக் கேட்டால் "அவளைத் தலைமுழுகியாச்சு" என்பாராம். இரண்டும் ஒன்றுதானா, எங்கிருந்து வந்தவை, ஆங்கிலத்தில் 'பிளாக் ஷீப்' என்கிறார்களே அதுதானா இது, என்று மூன்று கேள்விகள். கடைசியில் ஒரு வரி: தலைமுழுகிவிட்டால் சொத்தில் பங்கு போய்விடுமா? சுற்றி வளைத்தாலும் அவர் அறிய நினைப்பது, சித்தப்பாவும் அத்தையும் அந்த வீட்டுக்கு இப்போது யார் என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. நான் கல்லூரியில் தமிழ் நடத்தியவன்; பேச்சு வழக்குகளையும் சடங்குகளையும் சேகரிப்பது பல ஆண்டுப் பழக்கம். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். இரண்டும் ஒன்றல்ல. அகராதிகள் பெரும்பாலும் இரண்டுக்கும் 'கைவிடுதல்' என்று ஒரே பொருளைப் போட்டுவிட்டுப் போய்விடும், ஆனால் வீடுகளில் இந்தச் சொற்களைப் புழங்குகிறவர்கள் மாற்றிப் போட மாட்டார்கள். தண்ணீர் தெளித்துவிட்ட பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவான். சோறு மூடி வைத்திருக்கும். எங்கே போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாளைக்கு என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்க மாட்டார்கள். அவனிடமிருந்து எதையும் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். தலைமுழுகப்பட்டவருக்குச் சோறு மூடி வைப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் இருக்காது, கூடத்துப் படத்திலிருந்து அவர் காணாமல் போயிருப்பார், பேச்சில் பெயரே வராமல் பார்த்துக்கொள்வார்கள். ஒன்று உரிமையை விட்டுக்கொடுப்பது. மற்றது உறவு செத்துவிட்டதாக அறிவிப்பது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், இரண்டிலும் இருக்கும் தண்ணீர் வேறு வேறு.

கிராமக் கோயில் கிடாவெட்டு பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சாமிக்கு நேர்ந்த கிடாவை மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கொட்டு நின்றுவிடும். கிடா நனைந்தபடி அசையாமல் நிற்கும், எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுபடி தெளிப்பார்கள், காதோரம் கொஞ்சம் ஊற்றுவார்கள், "உத்தரவு குடு தாயி" என்று ஒரு கிழவி குரல் கொடுப்பாள். அது தலையிலிருந்து வால் வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்த பிறகுதான் குலவைச் சத்தம் எழும். சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலிர்க்காத கிடாவை வெட்டத் தயங்குகிற ஊர்கள் உண்டு.

அது கடைசிக் கட்டம். மரபுத்தொடருக்கு முக்கியம் அதற்கு முந்தைய கட்டம், நேர்ந்து விடுவது. குட்டியாக இருக்கும்போதே "இது கருப்பசாமிக்கு" என்று சொல்லி, பல ஊர்களில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு உடையவன் அதை விற்க முடியாது, தன் தேவைக்கு அறுக்க முடியாது. அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் ஆட்கள் விரட்டுவார்களே தவிர அடிக்கத் தயங்குவார்கள். ஆனால் ராத்திரி அது அடைவது பழைய தொழுவத்தில்தான். தீனி வைப்பதும் அதே ஆள்தான். இருக்கிற இடம் மாறவில்லை, அவனுக்கு அதன் மேல் இருந்த பாத்தியதை மட்டும் போய்விட்டது. கோயில் காளைக்கும் இதே நிலைமை. 'கோயில் மாடு மாதிரி சுத்துறான்' என்று திட்டுவது இதையொட்டித்தான். பாட்டியின் பிள்ளை விஷயத்தில் நடந்ததும் இதுவே. சம்பாதித்துக் கொடுப்பான், கொள்கிற இடத்தில் பெண் கட்டுவான், கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்வான் என்று ஒரு தாய்க்கு மகன் மேல் இருக்கும் கணக்கை மூடிவிட்டு, இனி அவன் சாமி விட்ட வழி என்று விட்டுவிடுகிறாள்.

இதே தண்ணீரிலிருந்து முளைத்த இன்னொரு பேச்சு வழக்கும் உண்டு: 'மஞ்சத்தண்ணி தெளிச்ச ஆடு'. அது மாட்டிக்கொண்டவனைச் சொல்வது. கல்யாணத்துக்கு நாள் குறித்த நண்பனைக் கேலி செய்ய உதவும். 'விட்டாச்சு' என்ற சொல் சேர்ந்தால்தான் குடும்பத்தில் விலகி நிற்பவனைக் குறிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பிள்ளையைப் பலி கொடுப்பது என்றெல்லாம் இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். அது வேண்டாத பயமுறுத்தல்.

இந்த மூலத்தை நான் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? சடங்கு இருப்பது உறுதி, வழக்கு இருப்பது உறுதி. சடங்கிலிருந்துதான் வழக்கு பிறந்தது என்பது வினைச்சொல்லையும் புழக்கத்தையும் வைத்துச் செய்யும் அனுமானம். வலுவான அனுமானம், ஆனால் கல்வெட்டு மாதிரி ஆண்டு போட்ட சான்று கிடையாது. போட்டிக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, தாரை வார்ப்பது. தண்ணீர் ஊற்றித் தானம் கொடுப்பது இந்த மண்ணில் மிகப் பழைய வழக்கம். புறநானூறு 367ஆம் பாட்டில் ஔவையார் 'ஏற்ற பார்ப்பார்க்கு ஈர்ங்கை நிறையப் பூவும் பொன்னும் புனல்படச் சொரிந்து' என்கிறார். வாங்குகிறவன் கை நனையும்படி தண்ணீரோடு சேர்த்துக் கொடுப்பதைச் சொல்கிறது அது. இன்றைக்கும் மேடைப் பேச்சில் எதையாவது தாரை வார்த்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுவது அதன் தொடர்ச்சி. ஆனால் தாரை வார்க்க எதிரே கை நீட்டி ஒருவர் நிற்க வேண்டும். சித்தப்பாவை யார் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்? சாமிதான் வாங்கிக்கொண்டது என்றால் நாம் மறுபடி நேர்ந்துவிட்ட கிடாவுக்கே வந்துவிடுகிறோம். இரண்டாவது விளக்கம், செத்தவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது. அதற்கு 'இறைத்தல்' என்றுதான் வினை வரும், 'தெளித்தல்' வராது. தமிழில் சடங்கு வினைகள் லேசில் இடம் மாறுவதில்லை. ஆகவே இதை நான் ஒதுக்கிவிடுகிறேன்.

சாவுத் தண்ணீர் வருகிற இடம் மற்றொரு தொடர், தலைமுழுகுதல். இங்கே மூலத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. நம் வழக்கில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு தீட்டு முடிந்தது என்பதற்கு அடையாளம். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகுவார்கள். அதனால்தான் கருவுற்ற பெண்ணை 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம். இழவு வீட்டுக்குப் போய் வந்தால் வாசலிலேயே தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். பங்காளி செத்தால் அதற்கென்று தனி முறை. ஆக, உயிரோடு இருக்கிற ஒருத்தியைத் தலைமுழுகியாச்சு என்றால், அவள் சாவுக்கான தீட்டைக் கழித்துவிட்டோம், கணக்கு முடிந்தது என்று அர்த்தம்.

வாய்ப்பேச்சாக இல்லாமல் இதையே சடங்காகச் செய்யச் சொல்லும் ஏற்பாடு வடமொழித் தரும நூல்களில் இருக்கிறது. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயத்தில், பாதகம் செய்து சாதியிலிருந்து 'விழுந்தவன்' ஆகிவிட்டவனுக்கு, அவன் உயிரோடு இருக்கும்போதே உறவினர்கள் ஊருக்கு வெளியே, ஆகாத நாளில், மாலை நேரத்தில், செத்தவனுக்குச் செய்வது போல நீர்க்கடன் செய்ய வேண்டும் என்று வருகிறது. அடிமைப்பெண் ஒருத்தி நீர் நிறைந்த குடத்தைக் காலால் தள்ளிக் கவிழ்க்க வேண்டும். உறவினர்களுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் தீட்டு. அதற்குப் பிறகு அவனோடு பேச்சில்லை, சேர்ந்து உட்காருவதில்லை, சொத்தில் பங்கும் இல்லை. 'கடஸ்போடம்', அதாவது குடம் உடைத்தல், என்று இதற்குப் பெயர். நம் சுடுகாட்டில் மகன் நீர்க்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வர, ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போட்டு, கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைக்கிறானே, அந்தக் காட்சியை உயிரோடு இருப்பவனுக்கு நடத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை எடுத்துச் சொல்வதால் தமிழ்த் தொடர் மனுவிலிருந்து வந்தது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. பாட்டிகள் மனுவைப் படித்துவிட்டுப் பேசவில்லை. சாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சமூகத்தில், உறவை முறிக்க அதே தண்ணீரை எடுப்பது தானாகவே நடக்கக்கூடியது. இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரண்டு கிளைகள் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். ஆனால் அந்த நூலில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்து வருகிறது. பிராயச்சித்தம் செய்துவிட்டு அவன் திரும்பி வந்தால், உறவினர்கள் அவனோடு சேர்ந்து ஒரு புனித நீர்நிலையில் குளித்து, புதுக்குடத்தில் நீர் நிரப்பி அதில் விட வேண்டும். அதன் பிறகு அவன் பழையபடி உறவுக்காரன். தமிழ்ப் பேச்சில் தலைமுழுகியதைத் திருப்பிப் போட இப்படி ஒரு தொடர் கிடையாது. 'நீரடித்து நீர் விலகுமா' என்று ஒரு பழமொழியைச் சொல்லிக்கொண்டு, யாருக்காவது உடம்பு சரியில்லாத சமயம் பார்த்து, பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். சடங்கு ஒன்றும் இருக்காது.

மகனில்லை என்று அறிவிப்பதற்கு இலக்கியத்தில் ஒரு நல்ல இடம் கம்பன் அயோத்தியா காண்டம். கைகேயி வரத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்றானதும் தசரதன் வசிட்டனிடம், இவள் என் மனைவி அல்லள், துறந்தேன் என்று சொல்லிவிட்டு, வரப்போகும் பரதனையும் 'மகன் என்று உன்னேன்' என்கிறான். அடுத்த சொல்தான் கவனிக்க வேண்டியது: 'அவனும் ஆகான் உரிமைக்கு'. எந்த உரிமை? ஈமக்கடன் செய்யும் உரிமை. அரசு போனதைவிட அது பெரிய தண்டனை. இன்றைக்கும் கோபத்தின் உச்சத்தில் அப்பாக்கள் "எனக்கு நீ கொள்ளி வைக்கக் கூடாது" என்பார்கள். தலைமுழுகுவது உன் சாவுக்கு நான் செய்வது, கொள்ளியைத் தடுப்பது என் சாவுக்கு நீ செய்ய முடியாமல் ஆக்குவது. உறவு அறுவது இரண்டு திசையிலும் சாவை வைத்துத்தான் நடக்கிறது. பாவம் பரதன், அவன் அப்போது ஊரிலேயே இல்லை; நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

இது பழங்கதை இல்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு, அவள் உயிரோடு இருக்கையிலேயே, பெற்றவர்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டிய செய்திகளைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நாமே படித்திருக்கிறோம். அங்கே மரபுத்தொடர் மறுபடி சடங்காகத் திரும்பிவிடுகிறது. கேட்டவரின் குடும்பத்திலும் கவனியுங்கள்: ஊதாரித்தனம் செய்த ஆண்பிள்ளைக்குத் தெளிக்கிற தண்ணீர், தானாகத் துணை தேடிக்கொண்ட பெண்ணுக்கு முழுகுகிற தண்ணீர். நான் கேட்டறிந்த குடும்பங்களில் இந்தப் பிரிவினை அடிக்கடி இப்படித்தான் விழுகிறது. கணக்கெடுப்பு நடத்திச் சொல்லவில்லை, காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன். ஆனால் ஆண் குடித்து அழித்தது வீட்டுக்குள் நஷ்டம், பெண் எடுத்த முடிவு ஊருக்கு முன்னால் மானம் என்று பார்க்கும் பார்வை இந்த இரண்டு சொற்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது என்பது என் கருத்து.

மூன்றாவதாகக் 'கை கழுவுதல்' என்று ஒன்றும் இருக்கிறது. அது குடும்பத்துக்கென்று உள்ளதல்ல; கட்சி வேட்பாளரைக் கைகழுவும், முதலாளி தொழிலாளியைக் கைகழுவுவான். இயேசுவின் சாவுக்குத் தான் பொறுப்பில்லை என்று ரோமானிய ஆளுநர் பிலாத்து கூட்டத்துக்கு முன்னால் கை கழுவிய மத்தேயு சுவிசேஷக் காட்சியிலிருந்து வந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவும் ஊரில் அதற்குப் பிலாத்து வந்துதான் ஆக வேண்டுமா என்ன. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; அடித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது ஆங்கிலத்துக் கறுப்பு ஆடு. வெள்ளைக் கம்பளி ஆடுகளின் பல இனங்களில் வெள்ளை நிறம் ஓங்கு பண்பு, கறுப்பு ஒடுங்கு பண்பு. தாயும் தகப்பனும் வெள்ளையாக இருந்து, இருவரிடமும் கறுப்புக்கான மரபணு ஒளிந்திருந்தால், பிறக்கிற குட்டி கறுப்பாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. 'இந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளையா' என்ற திகைப்புக்குப் பொருத்தமான உவமைதான். கறுப்புக் கம்பளியில் வேறு சாயம் ஏறாது, அதனால் விலையும் குறைவு. ஆங்கில பைபிளில் 1535இல் வந்த கவர்டேல் மொழிபெயர்ப்பிலேயே, யாக்கோபு லாபானிடம் கூலியாகக் கேட்கும் ஆடுகளைச் சொல்லுமிடத்தில், இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் அங்கே அது வெறும் நிறம், இழிவு ஒன்றும் இல்லை. குடும்பத்தில் கெட்டுப்போனவன் என்ற பொருள் பின்னால் ஏறியது. எப்படியும் அது நம் தண்ணீர்த் தொடர்களுக்குச் சமம் ஆகாது. அது ஆளை வர்ணிக்கிறது. நம்முடையவை வீட்டார் செய்த செயலைச் சொல்கின்றன. போதாததற்குத் தமிழ்ப் பத்திரிகைகள் அதைக் கடன் வாங்கி, காவல்துறையிலோ கட்சியிலோ உள்ளிருந்தே காட்டிக்கொடுப்பவனைச் சொல்ல வைத்துக்கொண்டன. 'துறையில் உள்ள கறுப்பு ஆடுகள்' என்றால் நமக்கு சித்தப்பா நினைவுக்கு வருவதில்லை. நம் ஊர் மந்தையில் கறுப்பு ஒன்றும் அதிசயமும் இல்லை. இங்கே வெள்ளாடே பாதி கறுப்பாகத்தான் இருக்கிறது.

பாட்டியின் வாக்கியத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'விட்டாச்சு', 'முழுகியாச்சு'. இந்த 'ஆச்சு' வந்தால் செய்தவர் யார் என்று வாக்கியத்தில் தெரியாது. "நான் தலைமுழுகிட்டேன்" என்று பாட்டி சொல்லவில்லை. முடிவெடுத்தது தாத்தாவாக இருக்கலாம், பங்காளிகளாக இருக்கலாம். பாட்டி முடிந்துபோன செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவரைப் பார்க்காத நான் இதற்கு மேல் ஊகிப்பது முறையல்ல. நல்ல மனநிலையில் இருக்கும்போது "யாரு பாட்டி முழுகினது?" என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகச் சொத்து. நான் வழக்கறிஞன் அல்ல, பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், உங்கள் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வருவது என்று வைத்துக்கொண்டு. மனு சொன்ன 'பங்கு இல்லை' என்பது 1850ஆம் ஆண்டுச் சட்டத்தோடே போய்விட்டது; சாதியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டாலோ மதம் மாறினாலோ ஒருவரின் வாரிசுரிமை போகாது என்று அப்போதே ஆக்கிவிட்டார்கள். இன்று நடைமுறையில் உள்ள 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில், யாருடைய சொத்தோ அவரைக் கொலை செய்தவருக்கு அதில் பங்கில்லை என்று இருக்கிறது. தலைமுழுகப்பட்டவருக்கு இல்லை என்று எங்கும் இல்லை. தாத்தா தானே சம்பாதித்த சொத்தை அவர் உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அத்தையை விட்டுவிடலாம். உயில் எழுதாமல் போயிருந்தால் பாட்டி, பிள்ளைகள், பெண்கள் எல்லாருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்து என்றால் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது. யாரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது இதில் எங்கும் வராது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவு செய்து பாகம் பிரித்திருந்தால் அது செல்லும். ஆகவே முதலில் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்பதைத்தான். 'இன்று முதல் என் மகளுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறார்களே, அதனால் பங்கு அழியாது. மூலப்பத்திரம், பட்டா, உயில் இருந்தால் உயில், இவற்றை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தாத்தா விளம்பரம் ஏதாவது கொடுத்திருந்தால் அந்தப் பத்திரிகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.